தொடுகைக்கு இணங்கும் இயந்திரங்கள்

‘ரோபோ’ என்னும் சொல்லைக் கேட்டதும் இரும்பு உடலும் கண்ணாடி விழியும் கடகடவென்ற நடையுமே பலருடைய மனக்கண் முன் தோன்றும். ஆயின், அச்சொல் பிறந்த வேளையில் அதற்கும் இரும்புக்கும் தொடர்பு எதுவும் இருக்கவில்லை. செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920இல் எழுதி, 1921இல் பிராக் நகரில் மேடையேறிய ‘ஆர்.யூ.ஆர்.’ என்ற நாடகத்தின் வாயிலாகவே அச்சொல் உலகின் காதில் விழுந்தது. கட்டாய ஊழியம் எனப் பொருள்படும் செக் மொழிச் சொல்லை அடியாகக் கொண்டு அப்பெயரை எடுத்துக் கொடுத்தவர், அவருடைய தமையனாரான ஓவியர் யோசெப் சாப்பெக். அந்நாடகத்தில் வருகின்ற ரோபோக்கள், உயிர்த்தசையை ஒத்த ஒரு பொருளைத் தொட்டிகளிற் பிசைந்து ஆக்கப்பட்ட மெல்லுடல்கள். அவற்றுக்கு இரும்புடல் வாய்த்தது பிற்காலத்தில்.

அவ்வுடலை நிலைபெறச் செய்தவை தொழிற்சாலைகளே. 1961ஆம் ஆண்டிலே, அமெரிக்காவின் நியூஜேர்சி மாநிலத்து மோட்டார் வாகனத் தொழிற்சாலை ஒன்றிலே, ‘யூனிமேற்’ என்னும் இயந்திரக்கை வேலைக்கு அமர்த்தப்பட்டது. கொதிக்கும் உலோக வார்ப்புகளை அச்சிலிருந்து எடுத்து வைப்பது அதன் பணி. அத்தகைய கைக்கு வேண்டியவை விறைப்பும் வலுவும் துல்லியமும். தன் பாதையிற் குறுக்கிடுவது மரக்கட்டையா மனிதனுடைய தோளா என்று அது அறியாது. ஆகவே, இயந்திரக்கைகளைச் சுற்றி வேலி எழுந்தது.

கலைக்கூடங்களிலும் நூதனசாலைகளிலும் இன்னொரு வேலி உண்டு. சிற்பத்துக்கும் பார்வையாளருக்கும் இடையே ஒரு கயிறு. அதிலே ‘தொடாதீர்’ என்று ஓர் அறிவித்தல். தொழிற்சாலை வேலி இயந்திரத்திடமிருந்து மனிதனைக் காப்பது. கலைக்கூடக் கயிறு மனிதனிடமிருந்து பொருளைக் காப்பது. ரோபோ கலைக்கூடத்துக்குள் நுழையும்போது இவ்விரண்டில் எந்த வேலியைப் போடுவது? மெல்லிய சிலிக்கோன் உடலைக் கொண்டு, பார்வையாளரின் கைக்கு மறுமொழி கூறும் கலைப்பொருள்களை ஆக்க முற்படுவோர் விடை காண வேண்டிய வினா இதுவே.

வேலிக்கு அப்பால் நின்று மனிதரோடு உறவாடிய இரும்பு உருவத்துக்குச் சிறந்த எடுத்துக்காட்டு, எட்வேட் இக்னாற்றோவிச் என்னும் சிற்பி படைத்த ‘சென்ஸ்ரர்’. போலந்தில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த அவர், பிலிப்ஸ் நிறுவனத்துக்காக ஆக்கிய அவ்வுருவம் 1970 முதல் 1973 வரை நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரிலுள்ள ‘எவலூவோன்’ கண்காட்சி மண்டபத்திலே இயங்கியது. ஏறத்தாழ 15 அடி நீளம். உருக்குக் குழாய்களாலான சட்டகம். சிங்கி இறாலின் காலிலுள்ள மூட்டுகளைப் பார்த்து அமைக்கப்பட்ட மூட்டுகள். அவற்றை அசைக்க எண்ணெய் அமுக்கம். யாவற்றையும் ஆள ஒரு கணினி. மெல்லிய குரலில் யாரேனும் பேசினால் அது தலையை அப்பக்கம் திருப்பி அணுகும். பேரொலி எழுப்பினாலோ வேகமாகக் கைவீசினாலோ அஞ்சியது போற் பின்வாங்கும். இத்தனைக்கும் அதன் உள்ளே இருந்த விதிகள் மிகச் சிலவே. பார்த்தவர்களோ அதற்கு நாணமும் ஆவலும் உண்டு என எண்ணினர். உருவத்தின் உள்ளத்தில் பாதியைப் பார்வையாளரே கொண்டுவந்து சேர்த்துவிடுகின்றனர் என்பதைச் சென்ஸ்ரர் தெளிவாக்கிற்று. ஆயினும், அஃது உருக்குடல். குரலாலும் அசைவாலும் அன்றித் தழுவி உறவாட அதற்கு இயலவில்லை.

தழுவத்தக்க உடலுக்கான வழி வேறொரு திசையிலிருந்து வந்தது. 1950களில், அமெரிக்க அணுப்பௌதிகவியலாளர் யோசெப் மக்கிபன், இளம்பிள்ளை வாதத்தால் கையிழந்தாற் போலாகிவிட்ட தம் மகளுக்கு உதவும் பொருட்டு ஒரு செயற்கைத் தசையை உருவாக்கினார். இறப்பர்க் குழாய் ஒன்றின் மேல் பின்னல் உறை ஒன்று. உள்ளே வாயு செலுத்தப்படின் குழாய் பருக்கும். பருக்கப் பருக்க நீளத்திற் குறுகும். குறுகுதலே தசையின் தொழில். பற்சக்கரமும் சங்கிலியும் இல்லாமல், இறப்பரும் காற்றும் சேர்ந்து ஒரு கையை உயர்த்தலாம் என்பது இதனாற் புலப்பட்டது.

அவ்வெண்ணத்தின் நெடும் பயனை 2011இல் காண முடிந்தது. ஹாவாட் பல்கலைக்கழகத்து இரசாயனப் பேராசிரியர் யோர்ச் வைற்சைட்சின் குழுவினர், எலும்பே இல்லாத நாற்கால் ரோபோ ஒன்றை வெளியிட்டனர். கணவாய், நட்சத்திரமீன், புழு ஆகிய எலும்பற்ற உயிர்களே அதற்கு முன்மாதிரி. சதுர அங்குலத்துக்கு 10 இறாத்தலுக்கும் குறைந்த காற்றமுக்கமே அதன் உந்துவிசை. மோட்டார் வண்டிச் சக்கரத்திலுள்ள அமுக்கம் இதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்காகும். அந்தச் சிறு அமுக்கத்தைக் கொண்டே அது தவழ்ந்தும் நெளிந்தும், தாழ்வான இடுக்கு ஒன்றினூடாக நுழைந்து மறுபுறம் சென்றது. 2016இல் அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மற்றொரு குழுவினர் எண்காலியைப் போன்ற சிறு உருவம் ஒன்றை ஆக்கினர். மின்கலமோ மின்சுற்றோ அதனுள் இல்லை. ஐதரசன் பரவொட்சைட்டு என்னும் திரவம் பிளாற்றினத்தைத் தொட்டு வாயுவாக மாற, அவ்வாயு புகுந்து கைகளை மாறிமாறி உயர்த்தியது. 2014ஆம் ஆண்டிலேயே, இத்தகைய உடல்களை வார்க்கும் முறைகளை ஹாவாட் பல்கலைக்கழகமும் டப்ளின் திரித்துவக் கல்லூரியும் இணைந்து யாவர்க்கும் இலவசமாகத் திறந்துவிட்டன. அதன் பின்னர் மாணவரும் கைவினைஞரும் கலைஞரும் இத்துறைக்குள் எளிதிற் புகுந்தனர்.

இவ்வுடல்களின் மூலப்பொருளான சிலிக்கோன், இறப்பரைப் போல் இழுபடுவது. ஆனால் மரத்துப் பாலினின்று வருவதன்று. மணலில் உள்ள சிலிக்கனும் ஒட்சிசனும் மாறிமாறிக் கோத்த சங்கிலியே அதன் முதுகெலும்பு. இப்பெயரை இட்டவரும், நோற்றிங்காம் நகரில் பல்லாண்டுகள் இத்துறையில் ஆராய்ந்தவருமாகிய இரசாயனர் பிரெடெரிக் கிப்பிங், இதனாற் பெரும் பயன் விளையும் என்று எதிர்பார்த்தவர் அல்லர். அவருடைய ஆய்வுக்கூடத்திலே தொல்லை தரும் பசையாகக் கிடந்த அதுவே, இன்று சத்திரசிகிச்சைக் கருவிகளிலும் சமையலறைப் பாத்திரங்களிலும் குழந்தையின் பாற்போத்தல் முலைக்காம்பிலும் இடம்பெற்றிருக்கின்றது. மனிதத் தோலுக்கு ஊறு செய்யாமையும், அத்தோலைப் போன்றே அமுக்கத்துக்கு இணங்குதலும் கலைஞரை அதன்பால் ஈர்த்த குணங்கள்.

கலைஞர் ஒருவர், கைவிரல் போல வளையும் ஓர் உறுப்பை முதன்முதலாக வார்க்க எண்ணுகிறார் எனக் கொள்ளலாம். அவர் முதலிற் செய்ய வேண்டியது உறுப்பையன்று, அதன் அச்சை. உள்ளே வரிசையாகச் சிறு அறைகளும், அவ்வறைகளை இணைக்கும் ஒரு வாய்க்காலும் அமையும்படி, வெறுமையைத் தலைகீழாக எண்ணிப் பார்த்து அச்சை வரைதல் வேண்டும். வெண்கலச் சிலை வார்ப்போர் தலைமுறை தலைமுறையாகப் பயின்ற சிந்தனைமுறை இதுவே. அவர்கள் மெழுகிற் செய்ததை இக்காலத்தவர் கணினியில் வரைந்து, முப்பரிமாண அச்சுப்பொறியில் வடித்துக்கொள்கின்றனர்.

அடுத்தது கலவை. பலரும் கையாளும் ‘எக்கோபிளெக்ஸ் 00-30’ என்னும் வகை, இரு திரவங்களாக வருகின்றது. இரண்டையும் சம அளவிற் கலந்தால் 45 நிமிடங்களுக்குள் வார்த்து முடித்தல் வேண்டும். அறையின் இயல்பான வெப்பநிலையிலே 4 மணித்தியாலங்களில் அஃது இறுகிவிடும். இறுகிய பின்னர், ஓர் அங்குலத் துண்டை ஏறக்குறைய 10 அங்குலம் வரை இழுத்தாலன்றி அறாது. கலக்கும்போது உட்புகும் காற்றுக் குமிழிகளே முதற் பகை. ஆகையால், கலவையைக் காற்றகற்றிய பாத்திரத்துள் வைப்பார்கள். குமிழிகள் பருத்து, பால் பொங்குவது போல் மேலெழுந்து, பின் உடைந்து அடங்கும். இதனைச் செய்யத் தவறினால், ஊசிமுனையளவுக் குமிழி ஒன்று மெல்லிய சுவரினுள் ஒளிந்திருந்து, பின்னொரு நாள் காட்சி நடுவே வெடிக்கும்.

இரண்டாம் பகை இன்னும் விசித்திரமானது. பிளாற்றினத்தின் துணையால் இறுகும் இவ்வகைச் சிலிக்கோன், கந்தகத்தைக் கண்டால் இறுக மறுக்கும். மரத்து இறப்பராற் செய்த கையுறையில் உள்ள சிறிதளவு கந்தகமே அதனைக் கெடுக்கப் போதும். தொட்ட இடம் நாட்கணக்காயினும் பிசுபிசுத்தே கிடக்கும். சிற்பிகள் மாதிரி வனையும் எண்ணெய்க் களிமண்களிற் சிலவற்றிலும் கந்தகம் உண்டு. ஆகவே, களிமண்ணிற் பழகிய சிற்பி தம் பழைய பொருள்களோடு இங்கு வந்தால், காரணம் தெரியாமலே தோற்று நிற்பார். புதிய ஊடகம் ஒன்று, தன் இயல்பை அறிந்து வருமாறு கலைஞரைப் பணிக்கும் முறை இது.

உறுப்பின் மேற்பாதியும் அடித்தட்டும் தனித்தனியே வார்க்கப்படும். அடித்தட்டினுள் ஒரு துணியோ தாளோ பதிக்கப்படும். இவ்வெளிய தாளே விரலுக்கு வளையக் கற்பிப்பது. காற்றுப் புகும்போது மேற்பாதி நீளும். தாள் பதித்த அடித்தட்டு நீளமாட்டாது. எனவே உறுப்பு அடிப்பக்கமாகச் சுருண்டு வளையும். இரு பாதிகளையும் ஒட்டுவதற்குச் சிலிக்கோனே பசை. வேறு பசைகள் பெரும்பாலும் அதனைப் பற்றுவதில்லை. ஒட்டும் படை தடித்தால் வாய்க்கால் அடைபடும். மெலிந்தால் காற்றுக் கசியும். கசிவைக் கண்டறிய, துவிச்சக்கரவண்டி ஒட்டுபவர் குழாயைத் தண்ணீரில் அமிழ்த்திப் பார்ப்பது போன்றே உறுப்பையும் அமிழ்த்திக் குமிழி எழும் இடத்தைப் பார்க்கின்றனர். முதல் உறுப்பு பெரும்பாலும் கசியும். இரண்டாவது ஒரு பக்கம் கொப்புளமாய்ப் புடைக்கும். மூன்றாவதோ நான்காவதோ வளைந்து நிமிரும்.

இவ்வளவும் செய்முறை. இதற்குள் பொதிந்து கிடக்கும் தீர்மானம் ஒன்றே: சுவரை எவ்வளவு தடிப்பாக வார்ப்பது? தடித்த சுவர் நெடுங்காலம் நிற்கும். ஆனால் மிகுந்த அமுக்கம் கேட்கும். கைபட்டாலும் அதனை உள்ளே அறிவிக்காது. மெல்லிய சுவர் ஒரு விரல் நுனியின் அழுத்தத்துக்கும் குழியும், ஒரு சிறு காற்றுக்கும் எழும். ஆனால் நகம் கீறினாற் கிழியும். உணர்ச்சியைக் கூட்டினால் ஆயுள் குறைகின்றது. ஆயுளைக் கூட்டினால் உணர்ச்சி மங்குகின்றது. இரண்டையும் நிறைவாகத் தரும் அளவு எதுவும் இல்லை. மில்லிமீற்றர்க் கணக்கிற் செய்யப்படும் இத்தெரிவு பொறியியல் தெரிவு போலத் தோன்றினும், பார்வையாளரின் கையை எவ்வளவு நம்புவது என்பதே அதன் உட்பொருள்.

அந்தக் கை வந்து தொடும்போது நடப்பது என்ன? உறுப்பினுள் அடைபட்ட காற்று அமுங்குகின்றது, அமுக்கம் உயர்கின்றது, நகத்திலும் சிறிய அமுக்கமானி அதனைப் பதிவு செய்கின்றது. உறுப்பை அசைக்கும் காற்றே தொடுகையை அறியும் புலனுமாகின்றது. 2005இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில், வடிவமைப்பு மாணவர்க்கென உருவாகிய ‘ஆடுயினோ’ போன்ற மலிவான மின்சுற்றுப் பலகை ஒன்று அப்பதிவைப் படித்து, வால்வைத் திறப்பதா மூடுவதா எனத் தீர்மானிக்கும். அங்கும் ஓர் இடர் உண்டு. காற்றுப் பம்பியின் இரைச்சல், உயிர்ப்பின் மாயையைக் குலைத்துவிடும். பம்பியை அடுத்த அறையில் வைத்து நீண்ட குழாயாற் காற்றை அனுப்பினால் இரைச்சல் மறையும்; ஆனால் மறுமொழி பிந்தும். தொட்ட பின் வெகுநேரம் கழித்து அசையும் உருவத்தைப் பார்வையாளர் தம்மோடு தொடர்புடையதாகக் கருதமாட்டார். தாமதத்தை முற்றும் நீக்க இயலாதபோது, தேர்ந்த கலைஞர் அதனையே குணமாக்கிவிடுகின்றார். விரைந்து துள்ளாமல், தயங்கி, மெல்ல நிமிரும்படி உருவத்தின் இயல்பை அமைக்கின்றார்.

ஓய்ந்திருக்கும் மனிதர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை வரை மூச்சுவிடுகின்றனர். சிலிக்கோன் பை ஒன்று அதே கதியில் எழுந்து தாழுமாயின், காண்பவர் அதனை மூச்செனவே கொள்வர். கை, கால், முகம் எதுவும் இல்லாத வெறும் உருண்டையாயினும், எழுவதும் தாழ்வதும் போதும். கையை வைத்தவுடன் அம்மூச்சு சற்று நின்று மீளுமாயின், தொட்டவரும் தம் மூச்சைப் பிடித்துக்கொள்வதுண்டு.

அசைவுமின்றித் தொடுகைக்கு மறுமொழி கூறலாம் என்பதை ஆர்ஜென்ரீனக் கலைஞர் பௌலா கயெற்றானோ ஆடி, 2006ஆம் ஆண்டளவில் படைத்த ‘அலெக்சிதிமியா’ என்னும் ஆக்கத்தாற் காட்டினார். தன் உணர்ச்சியைச் சொல்லால் வெளியிட இயலாமையைக் குறிக்கும் மருத்துவச் சொல்லே அப்பெயர். கண்ணோ வாயோ அற்ற மெல்லுடல் அது. யாரேனும் தொட்டால் அதன் தோல் வியர்க்கும். அவ்வளவே அதன் மொழி. வியர்வைக்குக் காரணம் அச்சமா, நாணமா, மகிழ்ச்சியா என்று ஆக்கம் கூறுவதில்லை. தொட்டவர் தம் உள்ளங்கையின் ஈரத்தைப் பார்த்துத் தாமே முடிவு செய்ய வேண்டியவராகின்றார்.

இங்கே ஓர் ஐயம் எழுதல் இயல்பு. உயிரில்லாத ஒன்றை உயிருள்ளதாக எண்ணச் செய்வது ஏமாற்று அன்றோ? பொம்மலாட்டத்திலும் நாடகத்திலும் இவ்வினா முன்பே எழுந்ததுதான். பார்ப்பவரும் அறிந்தே உடன்படுகின்றார் என்று அங்கு விடை கூறலாம். தொடுகையின் நிலை சற்று வேறு. கண் ஐயப்படும், கை எளிதில் நம்பிவிடும். ஆகவே, குழாயையும் வால்வையும் முற்றாக மறைக்காமல், உருவம் மூச்சுவிடும் வேளையிலேயே அதன் பொறியும் கண்ணுக்குத் தெரியுமாறு அமைப்பதே நேர்மையான வழி. குழாய் தெரிந்தும், கையை மெதுவாகவே எடுக்கிறவர், ஏமாந்தவர் அல்லர். அவர் தம்மைப் பற்றி ஒன்றை அறிந்துகொண்டவர்.

நிலைபேறு பற்றிய வினாவும் உண்டு. சென்ஸ்ரரின் சட்டகம் 1973இல் காட்சியிலிருந்து நீக்கப்பட்டுப் பல்லாண்டுகள் வெளியிற் கிடந்தது. போலந்தின் கிராக்கோ நகரிலுள்ள ஏ.ஜி.எச். பல்கலைக்கழகத்தார் 2017இல் அதனைப் பெற்று மீண்டும் இயங்க வைத்தனர். உருக்குக்கு அத்தகைய பொறுமை உண்டு. இறப்பரின் வரலாறோ வேறு. 1960களின் இறுதியில் மரத்து இறப்பர்ப் பாலைக் கொண்டு சிற்பம் செய்த எவா ஹெஸ்ஸின் ஆக்கங்களிற் பல, இன்று நிறம் மாறி, விறைத்து, நொறுங்கும் நிலையில் உள்ளன. சிலிக்கோன் வெயிலையும் காலத்தையும் அதனிலும் நன்கு தாங்கும், ஆனால், நாள்தோறும் நூற்றுக்கணக்கான கைகள் தீண்டும் தோல் எப்பொருளாலானாலும் தேயும், தூசியை ஈர்க்கும், ஒரு நாட் கிழியும். ஆகையால், கலைக்கூடம் வாங்கிப் பாதுகாக்க வேண்டியது உடலை மட்டுமன்று. அதன் அச்சை, கலவையின் அளவை, மூச்சின் கதியை வகுத்த விதிகளை. கிழிந்த உடலை நீக்கி, அதே அச்சில் இன்னோர் உடலை வார்க்கலாம். முந்தியதைத் தொட்ட கைகளின் தடயங்கள் மட்டும் புதிய உடலிற் காணப்படா.

தொடக்கத்திற் கண்ட இரு வேலிகளுக்கும் இப்போது திரும்பலாம். இரும்புக்கை மனிதனுக்குத் தீங்கு செய்யக்கூடும் என்பதால் எழுந்தது முதல் வேலி. மெல்லுடலிடத்து அவ்வச்சம் பெரும்பாலும் இல்லை. மாறாக, மனிதனாலேயே அதற்குத் தீங்கு நேரலாம். வலிமை இடம் மாறிவிட்டது. அதனோடு பொறுப்பும் இடம் மாறிவிட்டது. கூர்நகமும் அவசரமும் கொண்ட ஒரு கை, கலைஞரின் பல வார உழைப்பை ஒரு நொடியிற் கிழித்துவிடலாம் என்று தெரிந்தே அவர் சுவரை மெல்லியதாக வார்க்கிறார். கயிறு கட்டி மறிப்பதற்குப் பதிலாக, வருபவரின் கையை நம்பி ஆக்கத்தை ஒப்படைக்கிறார். அந்நம்பிக்கை சில நாட்களிற் பொய்க்கவும் கூடும். அதற்காகவே மேசையின் கீழ் ஓர் உதிரி உடல் ஆயத்தமாக இருக்கும். ஆயினும், பெரும்பாலான கைகள் அவ்வுருவத்தை அணுகும்போது தாமாகவே வேகம் தணிகின்றன. ‘தொடாதீர்’ என்று எழுதியிருந்த பலகையில், ‘மெதுவாகத் தொடுக’ என்று எழுதும் துணிவைக் கலைக்கூடங்களுக்கு அளித்தது அதுவே.